கார் சாவிக்கு பேட்டரி போடுங்கள், மூடியை உடைக்காமல்

கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று, இரண்டு மூன்று தடவை அமுக்கினால்தான் கார் திறக்கிறதா? ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. இதற்கு சர்வீஸ் சென்டர் வரை போக வேண்டாம். பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாட்டுவது சுலபம். பலரும் சாவியைக் கெடுத்துக்கொள்வது மூடியைத் திறக்கும்போதுதான்.

1. சரியான பேட்டரி. எண் காரோடு வந்த கையேட்டில் இருக்கும். பல சாவிகளுக்கு சிஆர் 2032. அதாவது அகலம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று 2025-ஐ நீட்டினால் வாங்காதீர்கள். அதன் தடிமன் 2.5தான், உள்ளே ஆடும். பேப்பர் மடித்து வைத்துச் சமாளிக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

2. மூடியைத் திறப்பது. மேஜையில் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்துவிட்டு உட்காருங்கள். புஷ் ஸ்டார்ட் கார் என்றால் முதலில் ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியை உருவி எடுங்கள். பெரும்பாலும் அது இருந்த பள்ளத்தில்தான் மூடியைப் பிரிக்கும் காடி இருக்கும். மற்ற சாவிகளில் விளிம்பைச் சுற்றித் தேடுங்கள். முதுகில் குட்டி ஸ்க்ரூ இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைக் கழற்றாமல் மல்லுக்கட்டினால் பிளாஸ்டிக்தான் பிளக்கும்.

கத்தி கூடவே கூடாது. சின்ன ஸ்க்ரூ டிரைவரின் முனையில் டேப் சுற்றி, காடியில் வைத்துத் திருகுங்கள். நெம்பாதீர்கள், நெம்பினால் உள்ளே இருக்கும் கிளிப் முறியும். 'டக்' என்று ஒரு பக்கம் விட்டதும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டின் விளிம்பை இடுக்கில் விட்டுச் சுற்றிலும் ஓட்டுங்கள். மற்ற கிளிப்புகள் தானாக விடும்.

மடக்குச் சாவியில் சாவி தெறித்து வரும் பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். அங்கே சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. வெளியே வந்தால் திரும்ப உட்கார வைப்பது பெரிய பாடு. சில சாவிகளில் அரிசி மணி போல ஒரு சிப்பும் தனியாக இருக்கும். திருட்டைத் தடுக்கும் சிப் அது. பேட்டரி இல்லாமலே வேலை செய்யும். தொலைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வெள்ளைத் துண்டு அதற்காகத்தான்.

3. மாற்றுவது. ப்ளஸ் பக்கம் மேலேயா கீழேயா என்று கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழையதை பிளாஸ்டிக் முனையால் தள்ளுங்கள், பேட்டரியைத் தொடும் தகடு வளையக் கூடாது. புதியதை விளிம்பில் பிடித்து வையுங்கள்.

4. மூடுவது. உள்ளே ரப்பர் பட்டை இருந்தால் அதைச் சரியாக உட்கார வைத்து, மூடியை அழுத்துங்கள். ரிமோட் பேசவில்லையா? முதலில் பேட்டரி தலைகீழாக இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

புஷ் ஸ்டார்ட் கார்களில் பேட்டரி அடியோடு செத்தாலும் நடுரோட்டில் நிற்க வேண்டியதில்லை. இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேலேயே வைத்து அமுக்கினால் பல கார்கள் கிளம்பிவிடும். சில கார்களில் ரிமோட்டை வைக்கத் தனி இடமே உண்டு. அது எங்கே என்று இன்றைக்கே கையேட்டில் பார்த்துவையுங்கள்.

பழைய பேட்டரியை மேஜையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பழைய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.