படத்துக்குள் ஒரு பூட்டு

நுழையும்முன்

கவிதையை எழுதியவருக்கும் எந்திரத்தைக் கண்டுபிடித்தவருக்கும் தம் படைப்பின்மீது உரிமை உண்டு. கணக்கிடும் முறை ஒன்றின்மீதும் ஒருவருக்கு அத்தகைய உரிமை இருக்கலாமா? மென்பொருள் உலகம் இவ்வினாவை எதிர்கொண்ட வரலாறுகளுள் ஒன்று, கணினித் திரையில் நாள்தோறும் காணும் படங்களுக்குள் மறைந்திருக்கிறது.

1994ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் அமெரிக்காவிலிருந்து ஓர் அறிவிப்பு வெளியானது. ஜிஃப் என்னும் வடிவில் படங்களைக் கையாளும் மென்பொருள்களை விற்போர், யுனிசிஸ் நிறுவனத்தின் காப்புரிமைக்குக் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டும் என்பதே அதன் சாரம். கம்பியூசர்வ் என்னும் தகவல் சேவை நிறுவனம் 1987இல் உருவாக்கிய வடிவம் அது. யாரும் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் அதன் விதிகள் வெளியிடப்பட்டிருந்தன. ஏழாண்டுகளில் அது உலகெங்கும் பரவி, புதிதாகத் தோன்றியிருந்த இணையப் பக்கங்களின் முதன்மைப் பட வடிவமாகவும் ஆகிவிட்டது. எல்லாரும் குடியேறிய பிறகு வீட்டின் ஒரு செங்கல்லுக்கு உரிமையாளர் வந்து நின்றதுபோல் ஆயிற்று நிலைமை.

சுருக்கும் முறை

அந்தச் செங்கல், தரவைச் சுருக்கும் ஒரு வழிமுறை. கடைக்கணக்கு எழுதுவோர் ஒரே பெயர் அடுத்தடுத்து வரும்போது அதை முழுதாக எழுதாமல் ‘மேற்படி’ என்று குறிப்பர். கணினியும் அதையே செய்யலாம். நீலவானத்தைக் காட்டும் ஒரு படத்தில் ஒரே நீலப்புள்ளி நூற்றுக்கணக்கில் தொடர்ந்து வரும். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே சேமிப்பதைவிட, முன்பு வந்த தொடரைச் சுட்டும் ஒரு குறியீட்டை இட்டால் இடம் மிச்சமாகும்.

இசுரேலைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பல், ஜேக்கப் ஸிவ் ஆகிய அறிஞர்கள் இதற்கான இரு வழிமுறைகளை 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டனர். இரண்டாவது முறையை அமெரிக்கரான டெர்ரி வெல்ச் மேம்படுத்தி, 1984 ஜூன் மாதத்தில் ஒரு கணினி இதழில் கட்டுரையாக எழுதினார். மூவர் பெயரின் முதலெழுத்துகளால் அது எல்.இசட்.டபிள்யூ. எனப்பட்டது. தரவைப் படித்துக்கொண்டே போகும்போது அதில் வரும் தொடர்களைக் கொண்டு ஓர் அகராதியை இம்முறை தானே உருவாக்கிக்கொள்கிறது. அந்த அகராதியைத் தரவோடு சேர்த்து அனுப்பவேண்டியதில்லை என்பதுதான் இதன் நுட்பம். பெறும் கணினி, வந்த குறியீடுகளிலிருந்தே அதே அகராதியை மீண்டும் கட்டிக்கொள்ளும். எளிமையும் விரைவும் கொண்ட இம்முறையைப் பலரும் விரும்பி ஏற்றனர். யூனிக்ஸ் இயங்குதளத்தின் புகழ்பெற்ற சுருக்கு நிரலும் வெல்ச்சின் கட்டுரையைப் பின்பற்றியே எழுதப்பட்டது.

கட்டுரையைப் படித்தோர் பலர் அறியாத செய்தி ஒன்று இருந்தது. வெல்ச் பணியாற்றிய ஸ்பெர்ரி நிறுவனம் 1983 ஜூன் மாதத்திலேயே இம்முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்திருந்தது. காப்புரிமை வழங்கப்படும்வரை விண்ணப்பத்தை வெளியிடாமல் வைத்திருப்பது அக்கால அமெரிக்க நடைமுறை. 1985 டிசம்பரில்தான் காப்புரிமை வழங்கப்பட்டது. மறு ஆண்டு ஸ்பெர்ரியும் பரோஸ் நிறுவனமும் இணைந்து யுனிசிஸ் ஆனபோது உரிமையும் அதன் கைக்கு வந்தது. வியப்பு என்னவெனில், ஏறத்தாழ இதே வழிமுறைக்கு ஐ.பி.எம். நிறுவனத்துக்கும் அமெரிக்க அலுவலகம் தனியே ஒரு காப்புரிமை வழங்கியிருந்தது. கருத்தின் எல்லையை அளப்பது நிலத்தின் எல்லையை அளப்பதுபோல் எளிதன்று என்பதை இது காட்டுகிறது.

பதிப்புரிமையும் காப்புரிமையும்

இவ்விரு சொற்களும் பேச்சில் ஒன்றாகக் குழம்புவதுண்டு. பதிப்புரிமை, எழுதப்பட்ட வடிவத்தைக் காக்கிறது. ஒரே கருத்தை இருவர் தத்தம் சொற்களில் எழுதினால் இருவருக்கும் அவரவர் எழுத்தின்மீது உரிமை உண்டு. காப்புரிமை, செய்யும் முறையைக் காக்கிறது. அடுத்தவரின் நிரலில் ஒரு வரியையும் பாராமல், தம் சிந்தனையாலேயே அதே முறையை ஒருவர் கண்டறிந்தாலும், உரிமையாளரின் இசைவின்றி அதைப் பயன்படுத்த இயலாது. பல்லாயிரம் வரிகள் கொண்ட ஒரு நிரலில் நூற்றுக்கணக்கான சிறு வழிமுறைகள் இடம்பெறும். அவற்றுள் எது எவருடைய காப்புரிமைக்குள் அடங்கும் என்று தேடிப் பார்க்கப் பெருநிறுவனத்துக்கு வழக்கறிஞர் உண்டு. வீட்டிலிருந்து நிரல் எழுதும் தனியாள் என்ன செய்வார்?

காப்புரிமைக்கும் ஒரு நியாயம் உண்டு. கண்டுபிடித்தவர் தம் முறையை மறைக்காமல் உலகுக்கு விளக்குகிறார். அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலத்துக்கு அவருக்குத் தனியுரிமை கிடைக்கிறது. பல்லாண்டு ஆய்வும் பெரும்பொருளும் வேண்டும் மருந்துத் துறையில் இந்த ஏற்பாடு பொருந்தலாம். மாதந்தோறும் புதுப்பதிப்பு காணும் மென்பொருளுக்கு இருபதாண்டு என்பது பல தலைமுறைகளுக்கு நிகர்.

விலையில்லாப் பொருளுக்குக் கட்டணம்

கட்டற்ற மென்பொருளை எழுதுவோருக்கு இச்சிக்கல் வேறொரு வகையில் கடுமையாக இருந்தது. அவர்கள் தம் நிரலின் மூலவரிகளைத் திறந்துவைத்து, எவரும் படியெடுக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் விற்கவும் இசைவு தருகின்றனர். படி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்டால், எத்தனை படிகள் பரவின என்று கணக்குச் சொல்லவே அவர்களால் இயலாது. யுனிசிஸ் தொடக்கத்தில் விலையின்றி வழங்கப்படும் மென்பொருள்களுக்கு விலக்கு அளித்தது. ஆனால் அந்தச் சலுகை கட்டற்ற மென்பொருளுக்குப் போதவில்லை. இன்று விலையின்றிப் பெற்றவர் நாளை அதைக் குறுவட்டில் பதிந்து விற்கலாம்; அதற்கும் உரிமை தருவதே அந்த மென்பொருளின் இயல்பு. 1991இல் வெளியான குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது: காப்புரிமை குறுக்கிட்டு, பெறுபவர் அனைவருக்கும் அதே சுதந்திரத்தைத் தர இயலாமல் போனால், அந்த நிரலைப் பரப்பவே கூடாது.

ஆகவே அவர்கள் சலுகைக்குக் காத்திராமல் வேறு வழி தேடினர். இதற்கு முன்மாதிரியும் இருந்தது. யூனிக்ஸின் சுருக்கு நிரலில் காப்புரிமை இருப்பது தெரிந்ததும் ழான்லூப் கையி, மார்க் ஆட்லர் ஆகியோர் காப்புரிமைத் தடையற்றதெனக் கருதப்பட்ட மற்றொரு முறையைக் கொண்டு ஜிசிப் என்னும் நிரலை 1992இல் வெளியிட்டிருந்தனர். லெம்பல், ஸிவ் ஆகியோரின் 1977ஆம் ஆண்டு வழிமுறையே அதன் வேர்.

புதிய வடிவம் பிறந்தது

1995 ஜனவரி 4 அன்று, அறிவிப்பு வந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில், தாமஸ் பௌட்டெல் என்னும் நிரலாளர் புதிய பட வடிவம் ஒன்றின் முதல் வரைவைக் கணினி வரைகலை ஆர்வலர்கள்முன் வைத்தார். பல இடங்களில் இருந்தோர் அதைப் படித்தனர், குறை கூறினர், திருத்தினர். ஊதியமோ தலைமை அலுவலகமோ அவர்களுக்கு இல்லை. ஜிசிப்பை உருவாக்கிய இருவரும் இம்முயற்சியில் இணைந்தனர். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் வடிவத்தின் அடிப்படை உறுதிப்பட்டது. பி.என்.ஜி. என்று பெயர் பெற்ற அதனை 1996 அக்டோபரில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் தன் பரிந்துரையாக ஏற்றது. ‘பி.என்.ஜி. ஜிஃப் அன்று’ என்று ஆங்கிலத்தில் விரியும் குறும்பான பொருளும் அப்பெயருக்கு வழங்கியது.

தடையைச் சுற்றிப் போனதோடு அவர்கள் நிற்கவில்லை. ஜிஃப் ஒரு படத்தில் 256 வண்ணங்களையே தாங்கும், பி.என்.ஜி. ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணங்களைத் தாங்கியது. ஜிஃப்பில் ஒரு புள்ளி தெரியும் அல்லது தெரியாது. புதிய வடிவில் பாதி தெரியும் கண்ணாடிபோன்ற நிலைகளையும் அமைக்கலாம். சுருக்குவதற்குமுன் ஒவ்வொரு புள்ளியையும் இடப்புறத்திலும் மேலேயும் உள்ள புள்ளிகளோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொள்ளும் உத்தியும் சேர்க்கப்பட்டது. அசையும் படங்களுக்கு மட்டும் அப்போது அதில் இடமிருக்கவில்லை. ஜிஃப்பைக் காத்தது அந்த ஒரு குறையே எனலாம்.

மக்கள் பழக்கம் உடனே மாறிவிடவில்லை. இணைய உலாவிகள் புதிய வடிவை முழுமையாக ஏற்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதன் கண்ணாடித் தன்மையைச் சரிவரக் காட்டியது 2006இல்தான். இதற்கிடையே 1999இல் யுனிசிஸ் தன் விலக்கைத் திரும்பப் பெற்றது. உரிமம் பெறாத மென்பொருளால் படம் செய்து வெளியிடும் வலைத்தளங்களுக்கும் 5000 அல்லது 7500 டாலர் கட்டண ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. விலக்கை நம்பியிருந்தோர் திகைத்தனர். அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாளை ‘எல்லா ஜிஃப்களையும் எரிக்கும் நாள்’ என்று எதிர்ப்பாளர்கள் அறிவித்தனர். பௌட்டெல் தாம் எழுதிய ஜிடி என்னும் வரைகலை நிரல்தொகுப்பிலிருந்தும் அதே ஆண்டில் ஜிஃப் உருவாக்கும் பகுதியை நீக்கினார்.

சட்டங்களின் போக்கு

இந்நிகழ்வு மென்பொருள் காப்புரிமை பற்றிய விவாதங்களில் எடுத்துக்காட்டாக விளங்கியது. மென்பொருள் தொடர்பான காப்புரிமைகளுக்கு வழிவகுக்கும் நெறியுரை ஒன்றை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2005 ஜூலை 6 அன்று 648க்கு 14 என்ற வாக்குகளில் நிராகரித்தது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, வழிமுறை, தன்னளவிலான கணினி நிரல் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பாகக் கருதுவதில்லை. 2004இல் ஓர் அவசரச் சட்டம் இப்பிரிவைத் தளர்த்த முயன்றது. மறு ஆண்டு நாடாளுமன்றம் அத்திருத்தத்தைக் கைவிட்டது. ‘தன்னளவிலான’ என்னும் ஒரு சொல்லின் பொருள் எதுவரை நீளும் என்பது இன்றும் வழக்குகளில் வாதிடப்படுகிறது.

யுனிசிஸின் அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூன் 20 அன்று காலாவதியானது. அடுத்த ஆண்டில் ஐரோப்பா, சப்பான், கனடா ஆகியவற்றிலும் முடிவுற்றது. 2004 ஜூலையில் ஜிடி தொகுப்பின் புதிய பதிப்பு வெளியானபோது, ஐந்தாண்டுக்குமுன் நீக்கப்பட்ட ஜிஃப் பகுதி அதில் மீண்டும் இடம்பெற்றிருந்தது.