எஞ்சின் வேறு, சரக்கு வேறு

வணிக அன்பர்கள் முன் ஒரு கேள்வியை வைக்கிறோம். நம் கடைக்குப் பெயர் வாங்கித் தந்த தொழில் நுணுக்கத்தை முதலில் பக்கத்துக் கடைக்காரருக்குக் கட்டணத்துக்கு விட்டு, சில ஆண்டு கழித்து அதை ஊராருக்கெல்லாம் இலவசமாகவே கொடுத்துவிடுவது வியாபாரமாகுமா? ஆகாது என்றே நம்மில் பலரும் சொல்வோம். அமெரிக்காவில் ஒருவர் அப்படியே செய்தார், நொடித்துப் போகவுமில்லை. 1970ஆம் ஆண்டு பிறந்த ஜான் கார்மாக் என்பவர் அவர். கணினி விளையாட்டுகளுக்கு நிரல் எழுதுவது அவர் தொழில்.

1991இல் அவரும் கூட்டாளிகள் மூவரும் இட் சாஃப்ட்வேர் என்ற கம்பெனியைத் தொடங்கினர். அவர்களுடைய ‘டூம்’ 1993 டிசம்பரில் வெளிவந்தது. சுட்டு வீழ்த்தும் ஆட்டம், இரத்தம் மிகுதி. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அதன் உள்ளமைப்பே நாம் கவனிக்கத் தக்கது.

சுவரைத் திரையில் வரைவது, ஆளை நகர்த்துவது முதலிய வேலைகளைச் செய்யும் நிரல் அதில் ஒருபுறம். அதற்கு எஞ்சின் என்று பெயர். படங்கள், ஓசைகள், இடங்களின் வரைபடங்கள் யாவும் ‘வாட்’ என்ற தனிக் கோப்பில் இருந்தன. கிட்டங்கியும் அதில் அடுக்கிய சரக்கும் என்று வைத்துக் கொள்ளலாம். சரக்கை மாற்றினால் அதே கிட்டங்கியில் வேறு வியாபாரம் நடக்கும். ரேவன் கம்பெனி இந்த எஞ்சினைக் கொண்டே 1994இல் ‘ஹெரெட்டிக்’ என்ற ஆட்டத்தை உருவாக்கியது. 1996இல் வந்த ‘குவேக்’ எஞ்சினுக்கு உரிமம் பெற்ற வால்வ் கம்பெனி, அதைப் பெரிதும் திருத்தி, 1998இல் ‘ஹாஃப் லைஃப்’ வெளியிட்டுப் பெரும்பெயர் பெற்றது. ஆட்டம் விற்ற பணம் ஒரு வரவு. உரிமக் கட்டணம் இன்னொரு வரவு.

டூமின் வேகத்துக்குக் காரணமான முறை கார்மாக் கண்டுபிடித்ததன்று. இடத்தை முன்கூட்டியே இரண்டிரண்டாகப் பிரித்து மரக்கிளை போல் அடுக்கி வைத்தால், எந்தச் சுவர் முன்னே, எது பின்னே என்று ஆடும்போது தேட வேண்டியதில்லை. இதை ஆராய்ச்சியாளர் மூவர் 1980இலேயே கட்டுரையாக எழுதியிருந்தனர். படித்து, அக்காலத்துச் சிறிய கணினியிலும் ஓடும்படி செய்தது இவர் திறமை.

1997 டிசம்பரில் டூமின் மூல நிரலை இலவசமாக வெளியிட்டார். 1999இல் அதற்குப் பொது உரிமம் வந்தது: யாரும் எடுத்துத் திருத்தலாம், திருத்தியதை வெளியிட்டால் அதன் நிரலையும் பிறருக்குத் தர வேண்டும். குவேக்கின் நிரலும் அவ்வாண்டே வந்தது. ஆனால் படங்களையும் வரைபடங்களையும் அவர் இலவசமாக்கவில்லை. ஆட்டம் வேண்டுவோர் அவற்றை விலைக்கே வாங்க வேண்டும். கொடுத்ததும் பழைய எஞ்சின்தான். புதியது விற்பனையில் இருந்தது. இதில் தாராளமும் உண்டு, கணக்கும் உண்டு என்பது நம் அபிப்பிராயம்.

கொடுக்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. டூமின் டாஸ் பதிப்பில் ஓசைக்கான பகுதி வேறொருவருக்குச் சொந்தம். ஆகவே அந்தப் பதிப்பை வெளியிட முடியாமல், லினக்ஸ் பதிப்பை மட்டுமே கொடுத்தார். இரவல் உறுப்பைச் சேர்த்தது தவறு என்று அவரே அப்போது எழுதினார். நம்மிலும் பிறர் பெயரிலுள்ள தராசை வைத்துக் கடை நடத்திவிட்டு, கடையைக் கைமாற்றும் நாளில் விழிப்பவர் உண்டல்லவா?

அதே தொல்லை மறுபடியும் வந்தது. ‘டூம் 3’ ஆட்டத்தில் நிழல் வரையும் முறைக்குக் கிரியேட்டிவ் கம்பெனி காப்புரிமை வைத்திருந்தது. 2004இல் அக்கம்பெனியின் ஒலி நுட்பத்தை ஆட்டத்தில் சேர்க்க உடன்பட்டு இணக்கம் செய்துகொண்டனர். 2011இல் அந்த நிரலையும் பொதுவில் வைக்க முனைந்தபோது வக்கீல்கள் தயங்கினர். மென்பொருள் காப்புரிமையை வெளிப்படையாக எதிர்த்து வந்த கார்மாக் வழக்காடப் போகவில்லை. நிழல் பகுதியில் சில வரிகளை வேறுவிதமாக எழுதிக் கொடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் நிரல் வெளிவந்தது.