மோட்டார் சைக்கிளின் காலணி

மாட்டு வண்டி சென்ற வழிகளில் எல்லாம் இன்று மோட்டார் சைக்கிள் செல்கின்றது. உழவர் அதன்மேல் உரமூட்டையை ஏற்றிச் செல்கின்றனர். பால்காரர் பாற்கேன்களைத் தொங்கவிட்டுச் செல்கின்றனர். தந்தையர் தம் மக்களைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றனர். இங்ஙனம் ஒரு குடும்பத்தின் பாரத்தையெல்லாம் சுமக்கும் அவ்வண்டி, நிலத்தைத் தொடும் இடம் எவ்வளவு என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? முன் சக்கரத்தில் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு, பின் சக்கரத்தில் ஓர் உள்ளங்கை அளவு, அவ்வளவே. ஓடுதல், திரும்புதல், நிற்றல் ஆகிய தொழில்கள் யாவும் அச்சிறு பரப்பில் பதியும் ரப்பரின் பிடியாலேயே நிகழ்கின்றன. அப்பிடி தளருமாயின், எஞ்சினின் ஆற்றலும் பயன்படாது. ஓட்டுபவரின் திறமையும் பயன்படாது. ஆதலின், தேய்ந்த டயரை மாற்றுங்கால் எவற்றைக் கொள்ள வேண்டும், எவற்றைத் தள்ள வேண்டும் என்று அறிந்திருத்தல் வண்டியுடைய ஒவ்வொரு குடும்பத்தார்க்கும் கடமையாகும்.

டயர் நமக்கு எளிதிற் கிடைத்த பொருள் அன்று. மரத்தினின்று வடித்த ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் என்பார் அதனோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி, அக்குறையைப் போக்கும் முறையைக் கண்டு, 1844-இல் காப்புரிமை பெற்றார். காற்றடைத்த டயருக்கு 1845-இலேயே ராபர்ட் தாம்சன் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் அது வழக்கில் பரவவில்லை. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனது மூன்று சக்கர மிதிவண்டி கல்லிலும் மேட்டிலும் அதிர்ந்து துன்புறுத்தாதிருக்க, 1888-இல் காற்றடைத்த ரப்பர் வளையங்களைச் செய்து பூட்டினார். உலகெங்கும் காற்றடைத்த டயர் பரவியது அதன் பின்னரே. இன்று டயர் கருநிறமாய்த் தோன்றுவதற்குக் காரணம் அதனுட் கலந்த கரித்தூள். அக்கரித்தூள் ரப்பருக்கு நிறத்தை மட்டுமன்றித் தேய்மானத்தைத் தாங்கும் உறுதியையும் தருகின்றது.

இனி, இப்பாடத்தை எழுதுமாறு என்னைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றனைக் கூறுவேன். யான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய நாளில் எனக்கும் நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. எங்கள் ஊரினின்று பள்ளிக்குப் பதினொரு கிலோமீட்டர். வழி முழுதும் வாய்க்காற்கரையும் வயல்வெளியுமே. ஒருநாள் மாலை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் வண்டியருகே நின்று, “ஐயா, பின் டயர் மொட்டையாகி விட்டது, பார்த்தீர்களா?” என்று வினவினான். அவன் பஞ்சர்க் கடையில் தந்தைக்குத் துணை நிற்கும் பிள்ளை. யானோ, “ஓடும் மட்டும் ஓடட்டும், தம்பி, பொங்கலுக்கு மாற்றிக்கொள்வோம்” என்று கூறி நகைத்தேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்துப் பின் அடங்கிப் போனான்.

ஐப்பசி இறுதியில் ஒருநாட் காலை, எட்டு வயதுடைய என் மகள் பின்னே அமர்ந்திருந்தாள். இரவெல்லாம் தூறிய மழையால் சாலை நனைந்து கிடந்தது. மதகருகே வயலினின்று ஏறிய டிராக்டர், உழவுச் சேற்றை வளைவு முழுவதும் உதிர்த்துச் சென்றிருந்தது. எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கி பிரேக்கை அழுத்தினேன். பின் சக்கரம் எண்ணெயில் வழுக்குவது போல் பக்கவாட்டில் ஓடியது, இருவரும் விழுந்தோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. மகளுக்கு வலக்கை மணிக்கட்டு முறிந்தது. அது அவள் எழுதும் கை. ஆறு வாரம் மாவுக்கட்டில் கிடந்தமையால் அரையாண்டுத் தேர்வை அவள் எழுதவில்லை. தோழியர் தேர்வுக்குப் புறப்பட்ட காலையில் அவள் திண்ணையில் அமர்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறர் எழுத்திற் பிழை திருத்துவதையே தொழிலாகக் கொண்ட யான், என் மாணவன் சுட்டிய பிழையைத் திருத்திக்கொள்ளவில்லையே என்று அன்று நாணினேன்.

அந்தச் சனிக்கிழமையே அம்மாணவனின் தந்தையார் கடைக்குச் சென்றேன். “வாங்க, வாத்தியார் ஐயா” என்று மரப்பெட்டியைத் துடைத்து அமரச் செய்த அவர், என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. டயர் ஒன்றை மடிமேல் வைத்துக்கொண்டு, சிறுவர்க்கு அரிச்சுவடி சொல்லித் தருவது போல் எனக்கு அதனைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அன்று கற்றவற்றையும் பின்னர் அறிந்தவற்றையும் முறைப்படுத்திக் கீழே தருகின்றேன்.

முதலில் அறிய வேண்டுவது, டயரை எப்போது மாற்றுவது என்பது. டயரின் முகத்தில் உள்ள பள்ளங்களை ஊன்றி நோக்கினால், அவற்றின் அடியில் இடையிடையே சிறு மேடுகள் குறுக்கே அமைந்திருப்பதைக் காணலாம். அவை தேய்மானக் குறிகள். டயரின் முகம் தேய்ந்து அம்மேடுகளோடு சமமாயின், அதன் வாழ்நாள் முடிந்தது என்பது பொருள். பள்ளம் இருப்பினும், பக்கச்சுவரில் வெடிப்புக்கள் பரவியிருந்தாலும், எங்கேனும் கொப்புளம் போல் புடைத்திருந்தாலும், உள்நூல் தெரியும் அளவு வெட்டுப் பட்டிருந்தாலும் அதனை மாற்றியே ஆக வேண்டும்.

“மொட்டை டயரும் பல மாதம் நன்றாகத்தானே ஓடியது?” என்று அவரிடம் கேட்டேன். அதற்கு அவர், “காய்ந்த ரோட்டில் அது குறை காட்டாது, ஐயா, மழையில்தான் காட்டிக்கொடுக்கும்” என்றார். அஃது உண்மையே. டயரின் பள்ளங்கள் காய்ந்த சாலைக்காக வெட்டப்பட்டவை அல்ல. நனைந்த சாலையில் ரப்பருக்கும் தரைக்கும் இடையே நிற்கும் நீரை வெளியேற்றும் வடிகால்கள் அவை. வடிகால் தூர்ந்த வயலில் நீர் தேங்குதல் போல, பள்ளம் தேய்ந்த டயரின் கீழ் நீர் தேங்கும். ரப்பர் தரையைத் தொடாது நீரின் மேல் வழுக்கும். மொட்டை டயர் கோடை முழுதும் நல்லது போல் நடித்து முதல் மழையில் வஞ்சிப்பது இதனாலேயே. தேய்ந்த டயரில் கத்தி கொண்டு புதிதாகப் பள்ளம் கீறி விற்பாரும் உண்டு. எஞ்சியிருந்த ரப்பரும் அதனால் மெலிந்து போதலின், அத்தகைய டயரை விலையின்றித் தரினும் வாங்கலாகாது.

இரண்டாவது, அளவு. பக்கச்சுவரில் 80/100-18 என்பது போல எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண்ணாகிய 80, டயரின் அகலம் 80 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். இரண்டாம் எண்ணாகிய 100, டயரின் உயரம் அதன் அகலத்தில் நூற்றுக்கு நூறு பங்கு என்பதைக் குறிக்கும். அஃதாவது இதன் உயரமும் 80 மில்லிமீட்டரே. மூன்றாம் எண்ணாகிய 18, ரிம்மின் விட்டம் 18 அங்குலம் என்பதைக் குறிக்கும். சில டயர்களில் 2.75-18 எனக் காணப்படும். அங்கே அகலமும் அங்குலத்திற் கூறப்பட்டுள்ளது. வண்டியைச் செய்தவர் எவ்வளவைக் குறித்தனரோ அவ்வளவையே வாங்க வேண்டும். அகன்ற டயர் காண்பதற்கு அழகாயிருக்கும் என்று இளைஞர் சிலர் அதனை மாட்டுகின்றனர். குறுகிய ரிம்மில் ஏறிய அகன்ற டயர் இயல்பான வடிவம் கெட்டுப் பிதுங்கும். சங்கிலிக் கவசத்தில் உரசும். திருப்பத்தில் வண்டி கனக்கும். பெட்ரோலும் மிகுதியாகச் செலவாகும். காலுக்குப் பொருந்தாத காலணி, கடையில் எத்துணை அழகாயிருப்பினும் வழியில் புண்ணையே தரும்.

மூன்றாவது, சுமை. அளவை அடுத்து 54 பி என்பது போல எண்ணும் எழுத்தும் சேர்ந்து நிற்கும். இவ்வெண் கிலோகிராம் அன்று, ஒரு குறியீடு. 47 என்பது 175 கிலோகிராமையும், 54 என்பது 212 கிலோகிராமையும் அந்த ஒரு டயர் தாங்கும் என்பதைக் காட்டும். எழுத்து வேகத்தின் எல்லை. பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர். வண்டியின் எடை ஏறத்தாழ 110 கிலோகிராம், ஓட்டுபவர் 70, பின்னிருப்பவர் 60 எனக் கொண்டால் மொத்தம் 240 ஆகின்றது. அதிற் பாதிக்கு மேல் பின் சக்கரத்தின் மீதே சாரும். மூட்டையும் ஏறினால் இன்னும் மிகும். எனவே பின் டயரின் சுமைக் குறியீடு, செய்தவர் குறித்ததினும் குறைந்திருத்தல் கூடாது.

நான்காவது, டியூப் உள்ளதா இல்லாததா என்பது. கம்பி ஆரக்கால் உடைய சக்கரங்கள் பெரும்பாலும் டியூப் வேண்டுவன. வார்ப்புச் சக்கரங்கள் பெரும்பாலும் டியூப் வேண்டாதன. ஆணி குத்தினால் டியூப்பின் காற்று விரைந்து வெளியேறி வண்டி தடுமாறும். டியூப்லெஸ் டயரில் ஆணியைச் சுற்றி ரப்பர் இறுகுதலின் காற்று மெல்லக் கசியும். இந்நன்மை கருதி, டியூப்புக்கென அமைந்த ரிம்மில் டியூப் இன்றி டயரை மாட்டிவிடலாகாது. காற்றை அடைத்து நிறுத்தும் அமைப்பு அந்த ரிம்மில் இல்லை. டியூப் உள்ள டயரை மாற்றுங்கால் டியூப்பையும் புதிதாக இடுதல் நன்று. பழைய டியூப் நீண்டு தளர்ந்திருக்கும். புதிய டயருள் மடிந்து, மடிப்பிலேயே அறுந்து போகும்.

ஐந்தாவது, பிறந்த நாள். டயருக்கும் பிறந்த நாள் உண்டு. அது பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 2523 என்றிருந்தால், 2023-ஆம் ஆண்டின் 25-ஆம் வாரத்திற் செய்யப்பட்டது எனக் கொள்க. ரப்பர் ஓடாமல் இருந்தாலும் வெயிலாலும் காற்றாலும் நாளடைவில் விறைத்துப் போகும். விலையைக் குறைத்துத் தருகின்றேன் என்று கடைக்காரர் கூறுமிடத்து, இந்நான்கு இலக்கங்களை முதலிற் பார்த்தல் அறிவுடைமை. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்பதையும் உடன் நோக்குக.

ஆறாவது, ரப்பரின் தன்மை. “எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்?” என்பதே பலரும் கேட்கும் ஒரே கேள்வி. கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும். ஆயின் ஈரச்சாலையில் அதன் பிடி குறைவு. மென்மையான ரப்பர் நன்கு பற்றும். ஆயின் விரைவில் தேயும். இரண்டும் ஒருசேர முழுமையாய் வாய்ப்பது அரிது. நாள்தோறும் மழைச் சேற்றிலும் கூட்டத்திலும் செல்வார் பிடியைப் பெரிதாகக் கொள்ளுதல் தகும். முன் டயர் வழிகாட்டுவது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் அதன்மேற் சாய்கின்றது. ஆதலின் அதன் முகத்தில் நீண்டோடும் வரிகள் பெரும்பாலும் அமைந்திருக்கும். பின் டயர் உந்திச் செல்வது. ஆதலின் கட்டங்கட்டமாய் வெட்டு அமைந்திருக்கும். பின் டயர் முன்னதினும் விரைவில் தேயும். தேய்ந்ததை முன்னுக்கு மாற்றிச் சிக்கனம் செய்வது தவறு. முன் சக்கரம் வழுக்கினால் வண்டியை நிமிர்த்துதல் மிக அரிது.

வாங்கியபின் செய்ய வேண்டுவனவும் சில உள. பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையை நோக்குமாறு பூட்டச் செய்க. புதிய டயரின் முகம் வழவழப்பாயிருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வரை விரைந்து ஓட்டாமலும், வளைவிற் சாயாமலும், திடீரென நிறுத்தாமலும் செல்க. காற்றின் அளவை வண்டியில் ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ கண்டு, டயர் சூடேறுமுன் வாரம் ஒருமுறை சரிபார்க்க. காற்றுக் குறைந்த டயர் ஓரங்களில் தேயும். மிகுந்த டயர் நடுவில் தேயும்.

மாணவர்களே, கியர் வண்டி ஓட்டுவதற்கு 18 வயது நிரம்ப வேண்டும். அவ்வயதை நீங்கள் இன்னும் எய்தவில்லை. ஆயினும் நாள்தோறும் தந்தையின் பின்னே அமர்ந்து செல்கின்றீர்கள். இன்று மாலை வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியின் அருகே குனிந்து, பள்ளங்கள் உள்ளனவா, வெடிப்புக்கள் உளவா, நான்கு இலக்கங்கள் யாவை என்று படித்துப் பாருங்கள். குறை கண்டால் பணிவோடு கூறுங்கள். “பிறகு பார்ப்போம்” என்று பெரியவர் நகைத்தாலும் அடங்கிப் போகாதீர்கள், மறுநாளும் கூறுங்கள். அன்று என் மாணவன் மற்றொரு முறை கூறியிருந்தால், யான் கேட்டிருப்பேனோ, அறியேன். ஆனால், கேளாமையின் விலையை என் மகளின் கை செலுத்தியது என்பதை நன்கறிவேன்.

பயிற்சி

1. டயரின் பள்ளங்கள் எதன்பொருட்டு அமைந்துள்ளன? மொட்டை டயர் மழையில் வழுக்குவது ஏன்?
2. 80/100-18 என்னும் எண்கள் உணர்த்தும் பொருளை விளக்குக.
3. ஒரு டயரில் 1224 என்று பொறிக்கப்பட்டிருப்பின், அது செய்யப்பட்ட காலம் யாது?
4. தேய்ந்த பின் டயரை முன் சக்கரத்திற்கு மாற்றுதல் ஏன் தவறு?
5. “வடிகால் தூர்ந்த வயலில் நீர் தேங்குதல் போல” என்னும் உவமையை விளக்குக.
6. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள வண்டியின் டயர்களைப் பார்த்து, கண்டவற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.