மதிப்பெண்ணும் மதிப்பீடும்: மலைப்பள்ளி எழுப்பும் கேள்விகள்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், விதுராவிற்கு அப்பால், அகத்தியர்கூட மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது போனக்காடு. தேயிலைத் தோட்டத்தையொட்டி உருவான குடியிருப்பு இது. தோட்டப் பணி முடங்கிய பின்னர் பல குடும்பங்கள் வேறிடம் நாடிச் சென்றன. இத்தகைய மலைக் குடியிருப்புகளில் ஆசிரியர்முன் அமரும் குழந்தைகள் மிகச் சிலரே. கேரளத்தின் தோட்டப் பகுதிகளில், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் வழியே பயிலும் குழந்தைகளும் உண்டு. இவர்கள் கற்றதை ஆசிரியர் எவ்வாறு அறிவது?

வழக்கமான விடை எழுத்துத் தேர்வு. ஒரே வினாத்தாள், ஒரே கால அளவு என்பதால் பாரபட்சத்திற்கு இடம் குறைவு. விடைத்தாள் சான்றாக எஞ்சும்; மேலலுவலர் பார்வையிடவும் இயலும். இவை புறக்கணிக்கத்தக்க நன்மைகள் அல்ல. ஆனால், நம்பகம் வேறு, ஏற்புடைமை வேறு. ஒரு கருவி எத்தனை முறை அளந்தாலும் ஒரே அளவைக் காட்டுவது நம்பகம். அளக்க வேண்டியதையே அளப்பது ஏற்புடைமை. காலையில் 14 கிலோவும் பிற்பகலில் 9 கிலோவும் கொழுந்து பறித்த தொழிலாளியின் மொத்த எடையை வாய்மொழியாகக் கேட்டால் உடனே 23 என்று கூறும் குழந்தை, அதே கணக்கைத் தனக்குப் பழகாத மொழியில் நான்கு வரிகளாக அச்சிட்டுக் கொடுத்தால் திகைக்கக்கூடும். அத்தேர்வு அளந்தது கூட்டலையன்று, வாசிப்பை. விடைத்தாளில் பதியும் பூச்சியமோ கணக்குப் பாடத்தின் பெயரிலேயே நிற்கும்.

மதிப்பெண் மறைப்பது இன்னொன்றும் உண்டு. 52இலிருந்து 27ஐக் கழிக்கும்படி கேட்கப்பட்டபோது ஒரு மாணவன் 24 என்றும், மற்றொருவன் 35 என்றும் எழுதுவதாகக் கொள்வோம். இருவருக்கும் மதிப்பெண் இல்லை. முதலாமவனுடையது எண்ணுவதில் நேர்ந்த சறுக்கலாக இருக்கலாம்; மறுமுறை அவனே திருத்திக்கொள்வான். இரண்டாமவனோ ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான்: 7இலிருந்து 2, 5இலிருந்து 2. கடன் வாங்குதல் என்னும் கருத்தே அவனுக்குப் புலப்படவில்லை. நூறு கணக்குகள் கொடுத்தாலும் அதே வழியில் நூறு முறை பிழை செய்வான். அவனுக்குத் தேவை கூடுதல் பயிற்சியன்று. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளும் ஆசிரியரின் பத்து நிமிடமும்தான். ‘எப்படிச் செய்தாய்?’ என்ற ஒரு கேள்வி இவ்வேறுபாட்டை வெளிக்கொணரும்.

வாய்மொழி வினாவிற்கும் உற்றுநோக்கலுக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. கூச்சமுள்ள குழந்தை வாய் திறவாது. ஆசிரியரின் விருப்பு வெறுப்பு தலையிடலாம். ஐம்பது பேர் நிறைந்த வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்க நேரமும் இராது. மாணவர் குறைந்த பள்ளியில் இக்கடைசித் தடை நீங்குகிறது. அங்கு ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்க நேர்ந்தாலும், ஒவ்வொரு குழந்தையின் ஏட்டையும் வாரம் ஒருமுறையேனும் அருகிருந்து பார்க்க முடியும். ஐந்து பேர் உள்ள வகுப்பில் ‘மூன்றாம் இடம்’ என்று தரவரிசை எழுதுவதில் பொருளேதும் இல்லை.

கற்பிக்கும்போதே நிகழ்வது வளரறி மதிப்பீடு, இறுதியில் நிகழ்வது தொகுத்தறி மதிப்பீடு என்னும் பாகுபாட்டை 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் பாடத்திட்ட ஆய்வின் பொருட்டு வகுத்தார். பின்னர் பெஞ்சமின் புளூம் அதனை மாணவர் கற்றலுக்கு விரித்தார். 1988இல் வெளியான ரூத் பட்லரின் ஆய்வு கருதத்தக்கது. ஏட்டில் கருத்துரை மட்டும் பெற்ற மாணவரிடமே ஆர்வமும் திறனும் மேம்பட்டன. கருத்துரையுடன் மதிப்பெண்ணும் பெற்றவரிடம் அப்பயன் காணப்படவில்லை. எண்ணைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது போலும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை இம்முறை புகுத்தப்பட்டபோது, வளரறி மதிப்பீட்டிற்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் 2005இல் தர எழுத்து முறை வந்தது; நூறு மதிப்பெண்ணில் இருபது பள்ளியின் தொடர் மதிப்பீட்டிற்கு உரியது. இவ்வேற்பாட்டில் ஓர் இடர் உண்டு. உள் மதிப்பீடும் மதிப்பெண்ணாக மாறும்போது, பதிவேடு நிரப்பும் வேலையாக அது சுருங்கிவிடுவது எளிது. எல்லாருக்கும் ஏறக்குறைய முழு மதிப்பெண் வழங்கப்படுமாயின், கண்டறியப்பட்டது ஏதுமில்லை என்றே பொருள்.

இக்குறையை ஈடுசெய்யும் நோக்குடன் கேரள அரசு 2024இல், எழுத்துத் தேர்வில் குறைந்தது 30 விழுக்காடு பெற வேண்டும் என முடிவுசெய்து, 2024-25 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பிலிருந்து நடைமுறைப்படுத்தியது. அவ்வளவை எட்டாதவர்க்குத் தனி வகுப்பும் மறுதேர்வும் உண்டு. அத்தனி வகுப்பில் என்ன கற்பிப்பது என்பதை 30 என்னும் எல்லை கூறாது. மாணவன் தவறியது மொழியிலா, கருத்திலா, கவனத்திலா என்பதை எழுதிவைத்த ஆசிரியரின் குறிப்பேடே அதைக் கூறும். பார்வையிட வரும் கல்வி அலுவலர் மதிப்பெண் பட்டியலுக்கு முன் அக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்குவதற்குப் புதிய ஆணை எதுவும் தேவையில்லை.