உதடு மூடிய பிறகு

தோப்பூரிலும் சுற்றூர்களிலும் இப்போதுதான் மந்திரம் சொல்லத் தொடங்கும் பிள்ளைகளுக்கு:

1. முதலில் கணபதியின் 'கம்' மட்டும் போதும். 'ஹ்ரீம்', 'க்லீம்' எல்லாம் தீட்சை தரும் குருவின் வாயிலிருந்து வரட்டும். இந்தக் ககரம் 'கடல்' என்பதில் வருவதல்ல. 'தங்கம்' என்பதில் வருவது.

2. எல்லோரும் தவறுமிடம் கடைசி 'ம்'. பேச்சில் 'மரம்' என்னும்போது பலருக்கு உதடு முழுதாக மூடுவதில்லை. அந்தப் பழக்கத்தில் மந்திரத்தின் மகரமும் கரைந்துவிடுகிறது. சிலர் 'கம்மு' என்று உகரம் ஒட்டுவார்கள். இரண்டும் வேண்டாம். உதட்டை மூடுங்கள், மூடிய பிறகும் ஒலியை விடாதீர்கள். அப்போது மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி சட்டென்று நின்றால் சரியாகச் சொல்கிறீர்கள்.

3. அந்த மூக்கொலிக்கு ஏன் இத்தனை மதிப்பு? கணபதி அதர்வசீரிஷம் 'கம்' என்பதைப் பிரித்தே காட்டுகிறது: முதலில் ககரம், நடுவில் அகரம், கடைசியில் அனுஸ்வாரம் என்னும் மூக்கொலி, அதற்கும் மேலே விந்து; இவற்றை இணைப்பது நாதம். நம் சைவ சித்தாந்தமும் ஓம் என்னும் பிரணவத்தை அகர உகர மகரத்தோடு நிறுத்தவில்லை. மெய்கண்டார் சிவஞானபோதத்தில் அகரத்தை அகங்காரத்துக்கும், உகரத்தைப் புத்திக்கும், மகரத்தை மனத்துக்கும், விந்துவைச் சித்தத்துக்கும் வைத்தார். நாதத்தை உயிருக்கே வைத்தார். அறிவு கடல் திரைபோல எழுந்தடங்கும் என்றும் அங்கேயே சொல்கிறார்; கொட்டியாரக் குடாக் கரையில் வளரும் உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. 'ம்' என்பதை அவசரமாக வெட்டினால் உயிருக்குரிய பங்கைத்தான் வெட்டுகிறீர்கள்.

4. மந்திரத்தில் 'கம் கணபதயே' என்பதைச் சிலர் 'கங் கணபதயே' என்பார்கள். பிழையல்ல. வரும், காலம் சேர்ந்து வருங்காலம் ஆவதுபோலத்தான். வடமொழி இலக்கணம் வகுத்த பாணினி இரண்டுக்கும் இடம் தந்திருக்கிறார். உங்கள் குரு சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

5. அயல்வீட்டுப் பிள்ளை குர்ஆன் மத்ரஸாவில் நூன், மீம் என்னும் எழுத்துகளைச் சில இடங்களில் மூக்கில் நிறுத்தி, இரண்டு ஹரகத் (குற்றுயிர்) அளவுக்கு ஓதப் பழகுகிறது. அதற்குக் குன்னா என்று பெயர். மௌலவி முன் அமர்ந்து திரும்பத் திரும்பத் திருத்திக்கொள்ளும் அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும். உங்களுக்கும் அது வேண்டும்.

6. எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். 11 தடவை போதும்.

7. எவ்வளவு நேரம் இழுப்பது என்று கேட்பீர்கள். தியானபிந்து உபநிடதம் இரண்டு உவமை சொல்கிறது: அறாத எண்ணெய் ஒழுக்கு, மணியின் நீண்ட ஓசை. அடுத்த முறை திருக்கோணேஸ்வரம் போகும்போது, மணி அடித்ததும் கும்பிட்டுவிட்டு நகராதீர்கள். அந்த ஓசை எங்கே முடிகிறதென்று கேட்டு நில்லுங்கள். பிறகு வந்து எனக்கு ஒருமுறை 'கம்' சொல்லிக் காட்டுங்கள்.