கணக்கோடு ஆறு வாரம்: கோடை முகாம்கள் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களில் டிசம்பர் பிறந்ததும் ஒரு பேச்சு தொடங்கிவிடும். வரும் கோடையில் பிள்ளையை எந்த முகாமுக்கு அனுப்புவது? ராஸ், ப்ராமிஸ், மேத்கேம்ப், ஆர்.எஸ்.ஐ., எஸ்.எஸ்.பி. என்று பெயர்கள் அடிபடும். பெயர்களோடு சில நம்பிக்கைகளும் சேர்ந்தே சுற்றுகின்றன. அவற்றில் சில, பெற்றோரின் சேமிப்பைக் கரைக்கின்றன. வேறு சில, தகுதியுள்ள பிள்ளையை விண்ணப்பமே போடவிடாமல் தடுத்துவிடுகின்றன. இந்த இரண்டாவது இழப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம்பிக்கை: பெரிய பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் நடக்கும் முகாமுக்குப் போனால், பிறகு அங்கேயே இடம் கிடைத்துவிடும்.

வளாகம் யாருடையது என்பது ஒரு கேள்வி. முகாமை நடத்துவது யார், அதற்குப் பிள்ளைகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. கோடையில் விடுதிகளும் வகுப்பறைகளும் காலியாக இருக்கும். அவற்றை வாடகைக்கு எடுத்துத் தனியார் நிறுவனங்கள் முகாம் நடத்துவதுண்டு. பல்கலைக்கழகமே நடத்தும் ‘ப்ரீ-காலேஜ்’ வகுப்புகளிலும் பல, கட்டணம் கட்டுகிற பெரும்பாலோருக்குத் திறந்தே இருப்பவை. அங்கே நல்ல பாடமும் நல்ல ஆசிரியரும் கிடைக்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் சேர்க்கைக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. பல பல்கலைக்கழகங்கள் இதைத் தங்கள் அறிவிப்புகளிலேயே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கின்றன; வளாகத்தின் படத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் அந்த வரி கண்ணில் படாமல் போய்விடுகிறது.

ஆர்.எஸ்.ஐ. என்ற ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிடியூட் எம்.ஐ.டி. வளாகத்தில் நடப்பது. அதைத் தொடங்கி நடத்திவருவது சென்டர் ஃபார் எக்ஸலன்ஸ் இன் எஜுகேஷன் என்ற தனி அமைப்பு. 1984-இல் தொடங்கியபோது அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர், அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளை உருவாக்கிய அட்மிரல் ரிக்கோவர். அதில் சேர்ந்த பிள்ளைகள் பின்னாளில் நல்ல கல்லூரிகளுக்குப் போவது உண்மைதான். உலகம் முழுவதிலுமிருந்து ஏறக்குறைய நூறு பேரை மட்டுமே எடுக்கும் வடிகட்டலில் மிஞ்சியவர்கள் எங்கே போனாலும் தெரிவார்கள் அல்லவா? காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் புரிந்துகொண்டால்தான் சிக்கல்.

நம்பிக்கை: கட்டணம் கூடினால் தரமும் கூடும்.

மேலே சொன்ன ஆர்.எஸ்.ஐ. படிப்புக்கோ தங்கலுக்கோ கட்டணம் வாங்குவதில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1989 முதல் நடக்கும் ப்ராமிஸ், வருமானம் குறைந்த அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இலவசம். மற்றவற்றில் பலவும் பல ஆயிரம் டாலர் கட்டணம் சொன்னாலும், தேவைக்கேற்ப உதவி தருகின்றன. கட்டணத்தைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடாமல் உதவித்தொகை விவரத்தையும் படியுங்கள்.

நம்பிக்கை: ஒலிம்பியாட் பதக்கம் இல்லாத பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை.

இதற்குப் பதிலாக ஒரு சென்னைக்காரரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். கண்ணன் சௌந்தரராஜன் நுங்கம்பாக்கத்தில் பத்மா சேஷாத்ரி பள்ளியில் படித்தவர். ஆர்.எஸ்.ஐ.க்குப் போனது 1989-இல். பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடில் இந்தியாவுக்காக வெள்ளி வென்றது 1991-இல். முகாம் முதலில், பதக்கம் பிறகு. 1995-இல் இளங்கலை மாணவர்களின் ஆய்வுக்கான மார்கன் பரிசு முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் அவரே. இன்று ஸ்டான்ஃபர்டில் பேராசிரியர். பகா எண்களைப் பற்றிய ஆய்வில் உலகம் மதிக்கும் பெயர்.

ராஸ், ப்ராமிஸ், மேத்கேம்ப் மூன்றும் விண்ணப்பத்தோடு சில கணக்குகளைக் கொடுக்கின்றன. கடிகாரம் வைத்து மூன்று மணி நேரத்தில் எழுதும் தேர்வு இல்லை. வீட்டில் உட்கார்ந்து வாரக்கணக்கில் யோசிக்கலாம். ஒலிம்பியாடில் தடுமாறுகிற, ஆனால் ஒரு கணக்கை நாலு நாள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்காகவே அமைத்த வாசல் அது. எல்லாக் கணக்கையும் முடித்திருக்க வேண்டும் என்றும் இல்லை. எங்கே தொடங்கினாய், எந்தச் சிறு எடுத்துக்காட்டுகளைப் போட்டுப் பார்த்தாய், எங்கே நின்றுபோனாய் என்பதைத் தெளிவாக எழுதினால், படிப்பவருக்கு அந்தப் பிள்ளையின் யோசனை தெரியும். பெற்றோரோ டியூஷன் ஆசிரியரோ போட்டுக்கொடுத்த விடை இங்கே பெரும் கேடு. அது விதிமீறல் என்பது ஒரு பக்கம். அதை நம்பிச் சேர்த்தால், முதல் வாரமே பிள்ளை தனியே திணற நேரும்.

நம்பிக்கை: அடுத்த வருடப் பாடத்தை முன்கூட்டியே முடித்துவிடலாம்.

இந்த நம்பிக்கையோடு ராஸுக்குப் போகிற பிள்ளை முதல் நாளே திகைத்துப்போகும். அங்கே முதல் வருடம் வருகிறவர்களுக்கு நுண்கணிதம் கிடையாது. எண் கோட்பாடு மட்டும்தான்: வகுத்தல், மீதி, பகா எண். நம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றமும் மட்டு எண்கணிதமும் இருக்கின்றனவே, ஏறக்குறைய அந்த இடத்திலிருந்துதான் நடை தொடங்குகிறது. ஆறு வாரத்தில் எவ்வளவு ஆழம் போகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இதை வகுத்தவர் ஆர்னால்ட் ராஸ். 1906-இல் சிகாகோவில் பிறந்து, ஒடெசாவில் வளர்ந்து, திரும்பிவந்து கணிதம் படித்தவர். நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் முதலில் பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்தினார். 1957 கோடையில் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார். சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் கிளப்பிய பயத்தில் பிறந்தவையே இந்த முகாம்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஸ்புட்னிக் பறந்தது அந்த ஆண்டு அக்டோபரில், ராஸின் முதல் கோடை முடிந்த பிறகு. பின்னர் அவர் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். தொண்ணூறு வயது தாண்டியும் கற்பித்தார். எளிய விஷயங்களை ஆழமாக யோசி என்பதுதான் மாணவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

முகாமில் தினமும் ஒரு கணக்குத் தாள் வரும். அதில் ஒருவகைக் கேள்விக்கு நிபந்தனை இது: நிரூபி, அல்லது தவறென்று காட்டு, தவறானால், முடிந்த அளவு மீட்டெடு. ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். ஏதாவது ஓர் எண்ணை எடுத்து, அதன் அடுத்த எண்ணால் பெருக்கி, 41-ஐக் கூட்டினால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று ஒரு கூற்று. 1×2+41 என்றால் 43. அடுத்து 47. அடுத்து 53. மூன்றுமே பகா எண்கள். பத்து, இருபது, முப்பது வரை போட்டுப் பார்த்தாலும் கூற்று அசையாது. 39-இல்கூட 1601 வருகிறது, அதுவும் பகா எண். 40-இல் உடைகிறது: 40×41+41 என்பது 41×41.

தேர்வு என்றால் ‘தவறு’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். இங்கே அப்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. 41-க்குப் பதில் 17 போட்டால்? 16-இல் உடையும்: 16×17+17 என்பது 17×17. அப்படியானால் எந்த எண்ணைப் போட்டாலும் அதற்கு முந்தைய எண்ணில் உடையுமா? ஆம், நிரூபிக்கலாம். சரி, பெருக்கும் விதத்தையே மாற்றினால் தப்பிக்குமா? இப்படிப் போய், முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புக்கோவையும், அது வெறும் மாறிலியாக இல்லாத வரை, எல்லா எண்களுக்கும் பகா எண்ணே தராது என்ற தேற்றத்துக்கு ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தன் காலால் நடந்து வந்துசேரலாம். இரவில் விடுதியில் அதைப் படித்துத் திருத்துகிறவர் பெரும்பாலும் முன்பு இதே முகாமில் படித்த கல்லூரி மாணவர். மதிப்பெண் போடமாட்டார். ‘இந்த வரி எப்படி வந்தது?’ என்று ஓரத்தில் எழுதுவார். ராஸிடம் படித்து, அங்கேயே வழிகாட்டியாகவும் இருந்த கிளென் ஸ்டீவன்ஸ்தான் பிறகு நண்பர்களோடு ப்ராமிஸைத் தொடங்கினார். அண்ணன் அக்காவிடமிருந்து தம்பி தங்கைக்கு வருகிற படிப்பு அது. எந்த விளம்பரத் தாளிலும் இதைச் சரியாகச் சொல்லிவிட முடியவில்லை.

நம்பிக்கை: முகாம் முடிந்து வரும்போது கையில் ஒரு கண்டுபிடிப்பு இருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் ஓஹாய் ஊரில் 1959-இல் தொடங்கியது எஸ்.எஸ்.பி. என்ற சம்மர் சயின்ஸ் புரோகிராம். அதில் வானியல் படிக்கும் மாணவர்கள் சிறு குழுக்களாகப் பூமிக்கு அருகே வரும் ஒரு சிறுகோளை இரவில் தொலைநோக்கியில் படமெடுத்து, தாங்களே நிரல் எழுதி, அதன் சுற்றுப்பாதையைக் கணக்கிடுகிறார்கள். முறை கணித மேதை காஸுடையது. 1801-இல் சீரஸ் என்ற சிறுகோளைக் கண்டுபிடித்த சில வாரங்களில் அது சூரிய ஒளியில் மறைந்துபோனது. 24 வயது காஸ் கைக்கணக்கில் அதன் பாதையைச் சொல்ல, ஆண்டின் இறுதியில் மறுபடி அகப்பட்டது. ராஸ் மாணவர்கள் நிரூபிக்கும் தேற்றங்களில் பல, அதே 1801-இல் காஸ் வெளியிட்ட எண்கணித நூலில் உள்ளவை. ஆக இரண்டு முகாம்களின் பாடமும் இருநூறு வருடப் பழசு. உலகுக்குப் புதிது இல்லை. தானே கண்டடைகிற பிள்ளைக்கு முற்றிலும் புதிது. அதுவே போதும். பணம் கட்டினால் பள்ளி மாணவரின் பெயரில் ஆய்வுக் கட்டுரை வரவழைத்துத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் பெருகியிருக்கின்றன. அவற்றிடமிருந்து விலகியிருங்கள். தான் புரிந்துகொள்ளாத கட்டுரையில் தன் பெயரைப் பார்க்கிற பிள்ளை கற்றுக்கொள்வது அறிவியலை அல்ல.

நம்பிக்கை: இதற்கெல்லாம் அமெரிக்கா போயாக வேண்டும்.

தமிழ்நாட்டுப் பெற்றோர் முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். அந்த முகாம்கள் பெரும்பாலும் ஜூனில் தொடங்கி ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ முடிகின்றன. நம் பள்ளிகள் அப்போது திறந்திருக்கும். விமானச் செலவும் விசாவும் தனி. ஆனால் உள்நாட்டிலேயே வாய்ப்பு உண்டு. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் ப்ராமிஸ் இந்தியா நடக்கிறது. மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் தேசிய ஒலிம்பியாடுகளின் வழியே தேர்வானவர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது.

எங்கும் போக வழியில்லாத வீட்டுக்கும் ஒன்று உண்டு. மேத்கேம்பின் பழைய தகுதிக் கணக்குகள் அதன் இணையதளத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு வருடத் தாளை அச்செடுத்து, அதிலிருந்து ஒரு கணக்கை மட்டும் பிள்ளையிடம் கொடுங்கள். கூடவே யோசிக்க ஒரு தோழனோ தோழியோ இருந்தால் இன்னும் நல்லது. விடையை ஒரு வாரத்துக்கு நீங்களும் தேடிப் பார்க்காதீர்கள்.