மறதிநோயும் மரபும் முயற்சியும்

உடலைப் பற்றும் நோய்கள் பல. அறிவைப் பற்றி, பெற்ற மக்களின் பெயரையும் மறக்கச் செய்யும் நோயோ அவற்றுள் மிகவும் இரங்கத்தக்கது. இதனை மருத்துவர் டிமென்ஷியா என்பர்; நாம் மறதிநோய் என வழங்குவோம். முதுமையில் இயல்பாக உண்டாகும் சிறு மறதி வேறு, இந்நோய் வேறு. மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தை மறத்தல் முன்னையது. அக்கண்ணாடி எதற்கு என்பதையே மறத்தல் பின்னையது.

இந்நோயுற்றார் உள்ள இல்லங்களில் இளையோர் உள்ளத்தே ஒரு வினா எழாமற் போகாது. "பாட்டியாருக்கு வந்தது, தந்தையாருக்கும் வந்தது, நமக்கும் வருமோ?" வாய்விட்டுக் கேட்க அஞ்சும் இவ்வினாவிற்கு இக்கால ஆராய்ச்சி கூறும் விடையை, மிகைப்படுத்தாமலும் குறைத்துக் கூறாமலும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

1901ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள பிராங்பர்ட் நகரத்து மருத்துவமனைக்கு 51 வயதுள்ள ஒரு மாது கொண்டுவரப்பட்டார். அவரை ஆராய்ந்தவர் அலோய்ஸ் ஆல்ஸைமர் என்னும் மருத்துவர். 1906இல் அம்மாது இறந்தபின், அவரது மூளையை நுண்ணோக்கியால் நோக்கி, அதில் படிந்திருந்த திட்டுகளையும், நரம்பணுக்களினுள் சிக்குண்ட இழைகளையும் அவர் கண்டார். அவர் பெயரால் வழங்கும் நோயே மறதிநோய் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது.

இந்நோய் மரபுவழி வருமோ எனின், இருவகையாக விடை கூறல் வேண்டும். ஒரே மரபணுவின் பழுதினால், நடுவயதிலேயே, தலைமுறைதோறும் தவறாது வரும் வகை ஒன்றுண்டு. அது மிக அரிது. ஆல்ஸைமர் நோயுற்றார் நூற்றுவருள் ஒருவர்க்கும் அவ்வாறு வருதல் அருமை. முதுமையில் வரும் பெருவழக்கான வகையிலோ மரபு நோயைத் தருவதன்று. நோய்க்கு வாய்ப்பை மிகுவிப்பதேயாகும்.

அவ்வாறு மிகுவிக்கும் மரபணுக்களுள் தலையாயது அபோ-ஈ என்பது. அது பத்தொன்பதாம் நிறப்புரியில் உள்ளது. அதன் வழியாக உண்டாகும் புரதம் கொழுப்பைச் சுமந்து செல்லும் பணியைச் செய்வது. இம்மரபணுவிற்கு இரண்டாம் வகை, மூன்றாம் வகை, நான்காம் வகை என மூன்று வடிவங்கள் உண்டு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொருவரும் இரண்டைப் பெறுகின்றோம். 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், நான்காம் வகையே ஆல்ஸைமர் நோய்க்கு வாய்ப்பைப் பெருக்குவது எனக் கண்டனர். ஐரோப்பிய மரபினரிடையே, அவ்வகை ஒன்று பெற்றார்க்கு நோய்வாய்ப்பு ஏறக்குறைய மும்மடங்கு. இரண்டு பெற்றார்க்கு எட்டு மடங்கிற்கும் மேல் என்பர். ஆயினும் நான்காம் வகையுடையார் எல்லாரும் நோயுறுவதில்லை. அஃதில்லாதார் எல்லாரும் தப்புவதுமில்லை. நைஜீரியாவின் இபாடான் நகரத்து யோருபா மக்களிடையே நடந்த ஆராய்ச்சியில், இம்மரபணுவின் வலிமை ஐரோப்பியரிடத்துக் கண்ட அளவு காணப்படவில்லை. எனவே மரபணு தனித்து நின்று தொழில் செய்வதன்று என்பது தெளிவு.

கொழுப்பைச் சுமக்கும் புரதமே இந்நோயோடு தொடர்புடையதாயின், உண்ணும் கொழுப்பிற்கும் இதற்கும் தொடர்புண்டோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. இவ்வையத்தை ஆராய்தற்கு ஏற்ற நிலமாக அமைந்தது பின்லாந்து. அந்நாட்டின் கிழக்குப் பகுதி மக்கள் வெண்ணெயும் கொழுப்பு மிக்க பாலும் நிரம்ப உண்டு வந்தனர். மாரடைப்பால் நடுவயதினர் பலர் மாண்டனர். 1972இல் பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவர் தலைமையில் வடகரேலியாத் திட்டம் தொடங்கிற்று. புகையை விடுமாறும், வெண்ணெயைக் குறைத்துத் தாவர எண்ணெயைக் கொள்ளுமாறும் ஊர்தோறும் மக்களுக்கு அறிவுறுத்தினர். ஏறக்குறைய நாற்பதாண்டுகளில், உழைக்கும் வயதுடைய ஆடவர் இதயநோயால் இறத்தல் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் குறைந்தது.

அக்காலத்தே எழுதி வைத்த உணவு, நடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் குறிப்புகள் பின்னர் வேறொரு வகையில் பயன்பட்டன. நடுவயதில் ஆராயப்பட்டிருந்தாருள் 1,449 பேரை, சராசரியாக 21 ஆண்டு கழிந்தபின் ஆராய்ச்சியாளர் மீண்டும் கண்டனர். வாரத்தில் இருமுறையேனும் மூச்சு வாங்கி வியர்க்குமளவு தேகப்பயிற்சி செய்திருந்தார்க்கு மறதிநோய் ஏறக்குறையப் பாதியளவே காணப்பட்டது. பால் வெண்ணெய் முதலியவற்றின் உறைகொழுப்பை மிகுதியாக உண்டார்க்கு நோய்வாய்ப்பு மிகுந்தும், தாவர எண்ணெய் முதலியவற்றின் கொழுப்பை அளவோடு உண்டார்க்குக் குறைந்தும் இருந்தன. இவ்வேறுபாடுகள் நான்காம் வகை மரபணு உடையாரிடத்தேதான் மிகத் தெளிவாக விளங்கின. அஃதாவது, எவர்க்குக் கேடு மிகுதியோ அவர்க்கே நல்வழக்கத்தின் பயனும் மிகுதி எனத் தோன்றிற்று.

ஈண்டு மாணவர் ஒன்றை நன்கு உணர்தல் வேண்டும். கண்டறிதல் வேறு, சோதித்தறிதல் வேறு. நடைப்பயிற்சி செய்வார் பலர் கல்வியும் செல்வமும் உடையாராயிருக்கலாம். நோய் குறைந்தது அவற்றாலோ நடையாலோ என்று கண்டறிதல் மட்டும் கூறாது. ஆதலின் அந்நாட்டாரே, மீயா கிவிபெல்டோ என்னும் மருத்துவ அம்மையார் தலைமையில், 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியினர்க்கு நல்லுணவு, தேகப்பயிற்சி, அறிவுப்பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் ஈராண்டு அளித்தனர்; மற்றவர்க்குப் பொதுவான அறிவுரை மட்டும் கூறினர். 2015இல் வெளிவந்த முடிபின்படி, முன்னவரது அறிவுத்திறனில் உண்டான மேம்பாடு பின்னவரினும் 25 விழுக்காடு மிகுதியாயிருந்தது. நான்காம் வகையுடையாரும் இப்பயனைப் பெற்றனர் என்று 2018இல் அறிவித்தனர்.

எல்லா ஆராய்ச்சிகளும் ஒருமுகமாகப் பேசுகின்றன என்று நாம் கூறோம். 2019இல் பிரிட்டனில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி, மரபுக்கேடு மிக்காரும் நல்வாழ்க்கையால் பயனடைவர் என்றது. அதே ஆண்டில் ஹாலந்தின் ராட்டர்டாம் நகரத்து ஆராய்ச்சியோ, மரபுக்கேடு மிக்காரிடத்து அப்பயன் காணப்படவில்லை என்றது. 2023இல் அமெரிக்காவில் 604 முதியோரிடம் மூன்றாண்டு நடத்திய உணவுச்சோதனையில், உணவை மட்டும் மாற்றியதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டாகவில்லை. எனவே, 'இவ்வெண்ணெயை உண்பீர், மறதி அணுகாது' என்று விளம்பரம் செய்வார் கூற்றை நம்புதல் தகாது. ஒரு பண்டமோ ஒரு பயிற்சியோ தனித்துக் காவாது. பலவும் கூடியே காக்கும்.

அவை காக்கும் வழியும் ஒருவாறு விளங்கியுள்ளது. உண்ணும் கொலஸ்டிரால் நேரே மூளையுட் புகுவதன்று. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்டிராலைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. இரத்தக்குழாய்கள் தடித்து அடைபடுவதாலும் பெருங்கேடு விளைகின்றது. அக்குழாய்களைக் காக்கும் உணவும் நடையும் இதயத்திற்கு நல்லன. இதயத்திற்கு நல்லன மூளைக்கும் நல்லன. காதுகேளாமை, நீரிழிவு, புகைத்தல், தனிமை முதலிய பதினான்கு காரணங்களை நீக்கின், உலகில் மறதிநோயின் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024இல் லான்செட் குழுவினர் கணித்தனர். எஞ்சிய பாதிக்கு மேற்பட்டது இன்னும் நம் கைக்கு அப்பாற்பட்டதே. ஆதலின் நோயுற்றாரைப் பார்த்து, 'நடவாமையால் வந்தது, நெய்யுண்டதால் வந்தது' எனப் பழித்தல் அறிவுமன்று, அன்புமன்று.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடை இதுவே: வரலாம், வராமலும் இருக்கலாம், ஆயினும் மரபணு ஒன்றே அதனை முடிவு செய்வதில்லை. பின்லாந்தினர் அளந்தது முதியோரின் வழக்கத்தை மட்டுமன்று, நடுவயதினர் வழக்கத்தையுமாம். அவ்வழக்கங்களோ இளமையில் வேரூன்றுவன. கல்லூரி விளையாட்டுத் திடலில் இன்று ஓடும் மாணவரும், நாற்பதைக் கடந்த ஆசிரியரும், பழைய மாணவரும் இதனை ஒருங்கே கருதுவாராக. பெற்றோரிடமிருந்து பெற்ற மரபை நாம் மாற்ற இயலாது. அம்மரபோடு எவ்வாறு வாழ்வது என்பது பெரும்பாலும் நம்மிடத்தே உள்ளது.